சடைமாயன் தோளில் மிச்சமிருந்த அடி

நாவல்குன்றம் என்றொரு நாடு அந்தக் காலத்தில் இருந்ததாம். அதை உக்கிரவழுதி என்றொரு ராஜா ஆண்டு வந்தாராம். காலையில் மாலை போட்ட ஆளை மத்தியானம் சிறையில் போடுகிற மனசு அவருக்கு. அப்பேர்ப்பட்டவரிடம் மந்திரி ஆவுடையப்பர் பன்னிரண்டு வருஷம் குப்பை கொட்டியிருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

அந்த நாட்டுக்கும் முல்லைக்கரை நாட்டுக்கும் பொதுவாக ஒரே வாய்க்கால். முதல் தண்ணீர் யாருக்கு என்று வெட்டிக்கொண்டு சாகாமல், வருஷா வருஷம் ஒரு கிட்டிப்புள் ஆட்டத்தில் தீர்த்துக்கொள்வது வழக்கம். நாட்டுக்கு ஒரு அடிகாரன், ஆளுக்கு ஏழு அடி. புள் விழுந்த இடம்வரை கோலால் அளந்து கூட்டுவார்கள். எதிராளி அந்தரத்திலேயே பிடித்துவிட்டால் ஆட்டம் அதோடு காலி. நாவல்குன்றம் மூன்று வருஷமாகத் தோற்று, வயலெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

அப்போதுதான் தூரத்து வேம்பனூரிலிருந்து சேதி வந்தது. அங்கே இருபது வருஷம் ஆடிய சடைமாயனை, வயசாகிவிட்டது என்று அனுப்பிவிட்டார்களாம். யார் கூப்பிட்டாலும் வருவானாம். சடைமாயன் என்றால் சாமானியமா? அவன் அடித்த புள் ஒருதரம் எதிரே நின்றவனின் முன்பல் நாலையும் கொண்டுபோனது ஊர் உலகத்துக்கே தெரியும்.

"சேர்த்துக்கொள்ளலாமா?" என்றார் ராஜா.

படைத்தலைவர் வரகுண ராயர் துள்ளி எழுந்தார். "நாற்பத்தெட்டு வயசு மகாராஜா! முட்டி இரண்டும் கடகடவென்று ஆடுகிறதாம். தண்டச்சோறு! என் மருமகன் காளை மாதிரி இருக்கும்போது இந்தக் கிழம் எதற்கு?"

"அந்தக் காளைதானே போன வருஷம் இரண்டாவது அடியிலேயே பிடி கொடுத்தது?" என்றார் ஆவுடையப்பர். "சடைமாயனையே சேர்க்கலாம் மகாராஜா."

"சேர்த்துத் தோற்றால்?"

"என் தலையைத் தருகிறேன்."

சொன்ன பிறகுதான் பகீரென்றது. ராஜா அதற்குள் "சரி" என்றுவிட்டார்.

சடைமாயன் வந்து சேர்ந்தான். ஆவுடையப்பர் அவனைத் தனியே கூப்பிட்டு, "உண்மையைச் சொல்லப்பா, எப்படி இருக்கே?" என்றார்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "தோளு போச்சு சாமி. இன்னும் ஒரே ஒரு நிஜ அடிதான் இதிலே இருக்கு. அதையும் அடிச்சிட்டா கை தொங்கிடும். மெதுவாத் தட்டணும்னா எத்தனை தடவை வேணாலும் தட்டுவேன்."

மந்திரி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். பிறகு கேட்டார்: "இது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். முல்லைக்கரைக்காரனுக்குத் தெரியுமா?"

"தெரியாது சாமி."

"அப்போ அந்த அடியைப் பத்திரமா வை. நான் தலையசைக்கிற வரைக்கும் தொடாதே."

மறுநாளே ராயர் பற்ற வைத்துவிட்டார். "மகாராஜா, ஒருதரம் அடித்துக் காட்டட்டுமே!"

"ஆமாம்! மதிலைத் தாண்டி அடிக்கட்டும். இல்லையென்றால் மந்திரியின் தலை இப்போதே போகும்" என்றார் ராஜா.

அந்த ஒரு அடியும் இங்கேயே போய்விட்டால்? ஆனாலும் ஆவுடையப்பர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பிடிக்க ஆளில்லாமல் அடித்தால் அது ஆட்டமா மகாராஜா? ராயரே எதிரே நிற்கட்டும். அவர் பிடித்தால் என் தலை உங்களுக்கு. பிடிக்காவிட்டால் சடைமாயன் நமக்கு."

"ஒற்றைக் கையால் பிடிக்கிறேன்!" என்றார் ராயர்.

உள்முற்றத்தில் அந்த நாலு பேர்தான். சடைமாயன் உள்ளங்கையில் மண்ணைத் தேய்த்தான். கோலை மெதுவாகச் சுழற்றினான். ராயரின் வாயையே உற்றுப் பார்த்தான். ராயர் ஒரு அடி பின்னால் போனார். இன்னும் நாலு அடி போனார். வாயை ஒரு கையால் பொத்திக்கொண்டு போய்ப் போய், முதுகு மதிலில் முட்டியது. 'டொக்' என்று ஒரு தட்டு. ராயர் முதலில் நின்ற இடத்தில் புள் அலுங்காமல் விழுந்தது.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "இங்கே நடந்தது வெளியே போகக் கூடாது" என்றார் ஆவுடையப்பர். ராயரா சொல்லப்போகிறார்? சொன்னால் மதில் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே!

ஆட்ட நாள் வந்தது. முல்லைக்கரை முந்நூறு கோல் எடுத்துவிட்டது. அடுத்து சடைமாயன் இறங்கியதும் அவர்கள் ஆட்கள் அத்தனை பேரும் தூரத்து ஏரிக்கரைக்குப் போய் நின்றுகொண்டார்கள். நடுவில் ஈ காக்கை இல்லை. அவன் தட்டினான், நாற்பது கோல். மறுபடி தட்டினான், நாற்பத்திரண்டு. ஆறு தட்டில் இருநூற்றைம்பது சேர்ந்தது. மிச்சம் ஒரே அடி. ஜெயிக்க ஐம்பத்தொன்று வேண்டும்.

அப்போது முல்லைக்கரைத் தலைவனுக்கு உறைத்தது. "அடேய், இவன் தட்டத்தான்டா தட்டுறான்! கையிலே சரக்கு இல்லே! கிட்ட வாங்கடா!"

எல்லோரும் ஓடிவந்து முகத்துக்கு நேரே சூழ்ந்துகொண்டார்கள். "தலை வெட்டுகிறவனைக் கூப்பிடட்டுமா மகாராஜா?" என்று ராயர் காதைக் கடித்தார். ராஜா இல்லை என்று சொல்லவில்லை. சடைமாயன் திரும்பி ஆவுடையப்பரைப் பார்த்தான். அவர் தலையசைத்தார்.

அடித்தான் பாருங்கள் ஒரு அடி! புள் அத்தனை தலைக்கும் மேலே போய், கரையையும் தாண்டி, ஏரிக்குள் 'தொபுக்'கென்று விழுந்தது. அதை அளக்கக்கூட ஒருவரும் போகவில்லை. சடைமாயனின் கையிலிருந்து கோல் நழுவியது. கை அப்படியே தொங்கிவிட்டது.

ராஜா முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டார். "உனக்கு என்ன வேண்டும், கேள்!" என்றார் சடைமாயனிடம்.

"இந்தக் கை இனிமே வாய்வரைக்கும் எழும்பாது மகாராஜா. சோறு ஊட்ட ஒரு ஆள் கொடுத்தாப் போதும்."

ராஜா சபையைச் சுற்றிப் பார்த்தார். "அன்றைக்குத் தண்டச்சோறு என்றது யார்? அவரே ஊட்டட்டும்."

மறுநாள் மத்தியானம் ராயர் இலையில் சோற்றைப் பிசைந்து, கையை எட்ட நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து இலையில் ஆவுடையப்பர் கழுத்தைத் தடவிக்கொண்டே மோர் கேட்டார்.

சடைமாயன் சொன்னான்: "இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க ராயர் ஐயா. இப்போ என் கையிலே கோல் இல்லே."