பாத்தியில் பூக்காத காசித்தும்பை

"எனக்கு எப்பம்மா உபதேசம் குடுப்பீய?" என்று கேட்டார் சிவசைலம்.

கேட்டவர் நில அளவைத் துறையில் ஓய்வு பெற்றவர். ஊர் ஊராக எல்லைக்கல் நட்டே காலத்தைக் கழித்தவர். டாக்டர் அவர் இதயத்தைப் படம் எடுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கியபின், பொதிகை அடிவாரத்து மடத்துக்கு வந்து சேர்ந்தவர். உபதேசம் வாங்காமல் செத்துப்போவோமோ என்ற பயம் அவரைத் தூங்கவிடவில்லை.

மடத்தை நடத்திய பூரணியம்மாளுக்கு அவருடைய மகள் வயதுதான்.

அம்மாள் ஒரு பிடி விதையை அவர் கையில் வைத்தாள்.

"மலைச்சரிவுல பூக்குத ஊதாக் காசித்தும்பை. பாதை ஓரத்துல விதைங்க. பூத்துக் காய்ச்சு செடி செத்துப்போவும். அடுத்த மழைக்கு நீங்க விதைக்காம, அதுவாப் பூக்கணும். பூத்ததும் வந்து கேளுங்க."

இவ்வளவுதானா என்று நினைத்தார் சிவசைலம்.

வழிபாட்டுக் கூடத்துக்குப் போகிற பாதையின் ஓரமாகக் கயிறு பிடித்தார். நூல் பிசகாமல் பாத்தி கட்டினார். பூத்தது பாருங்கள், அப்படிப் பூத்தது! வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

பிறகு செடிகள் பழுத்துச் சாய்ந்தன. குருபூஜை நெருங்கியது. வருகிறவர்கள் கண்ணில் இந்தக் கோலம் படலாமா? காய் வெடிக்கும் முன்பே வேரோடு பிடுங்கி, வெளியே கொண்டுபோய்க் கொட்டினார்.

அடுத்த மழைக்கு வெறும் மண்தான்.

"ஒண்ணுகூட முளைக்கலையேம்மா."

அம்மாள் இன்னொரு பிடி விதை கொடுத்தாள்.

இம்முறை அவர் காய்ந்த செடிகளைத் தொடவில்லை. காய்கள் பட்பட்டென்று வெடித்து விதை தெறிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். உபதேசமே காதில் விழுவதுபோல் இருந்தது அவருக்கு. ஆனால் கை சும்மா இருக்குமா? மழைக்கு முன் நல்ல மக்கிய எருவாகப் பார்த்து, பாத்தி முழுக்கக் கனமாகப் போர்த்திவிட்டார். பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல் அத்தனை ஆசையோடு செய்தார்.

மழை வந்தது. அவருக்குக் காய்ச்சலும் வந்தது. மகள் வந்து தென்காசிக்குக் கூட்டிப்போனாள். அதே மழையில் கூடத்து ஓடுகள் சரிந்தன. வழிபாடு சமையல்கட்டுக்கு மாறியது. இரண்டு மாதம் பாதையில் யாரும் நடக்கவில்லை; ஓடு மாற்ற வந்தவர்களும் பின்பக்கமாகவே ஏறினார்கள்.

ஓடு மாற்றி முடித்த மறுநாள், விடியும்போதே சிவசைலம் திரும்பி வந்தார். பையைக்கூட இறக்கவில்லை, நேரே பாத்திக்குப் போனார்.

பாத்தியில் எரு இருந்தது. கொஞ்சம் புல் இருந்தது.

பாதையில்தான் கால் வைக்க இடமில்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே ஊதா.

அழுகை வந்துவிட்டது அவருக்கு. இரண்டடி தள்ளிப் பூத்திருக்கிறதே! கண்ணைத் துடைத்துக்கொண்டு மண்வெட்டியை எடுத்து வந்தார். பாத்தியோரம் மறுபடி கயிறு கட்டினார். முதல் செடியின் அருகே மண்வெட்டியை ஓங்கும்போது அம்மாள் வந்தாள். பின்னால் மடத்து ஆட்கள்.

"என்ன செய்தீய?"

"இடம் மாறி முளைச்சிருக்கும்மா. மண்ணோட எடுத்துப் பாத்தியில வச்சிருதேன். ஒரு நாழி பொறுத்துக்கிடுங்க."

"நீங்க விதைச்சீயளா?"

"இல்லம்மா. அதுவா வந்தது."

அம்மாள் பூக்களைப் பார்த்தாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டாள். கயிற்றைத் தாண்டிப் பாத்திக்குள் இறங்கினாள். எருச்சேற்றில் கணுக்கால்வரை புதைந்தது. அப்படியே கூடத்தைப் பார்க்க நடந்தாள். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள்.

"அம்மா, பாத்தியைப் போய் மிதிக்கீயளே!"

"பாதைன்னா மிதிக்கத்தானே செய்வாங்க" என்றாள் அவள். திரும்பிப் பார்க்கவில்லை.

சிவசைலம் மண்வெட்டியைக் கீழே போட்டார். கயிற்றை அவிழ்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினார்.

கூடத்து வாசலில் அம்மாள் காத்திருந்தாள்.

"பூத்திருச்சே, ஐயா. கேளுங்க."

சிவசைலம் தாம் வந்த வழியைப் பார்த்தார். தம் கால்களைப் பார்த்தார்.

"இனி என்னத்தம்மா கேக்க?"