ஊருணிக்கு ஒரு சின்னம்

மதுரையில், ஒரு மாவு மில்லின் மாடியில், கம்பெனிகளுக்குச் சின்னம் வரையக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியை ஒருவர் இருந்தார். பெயர் ரெஜினா. கீழே மில் ஓடும்போது மேஜையில் பென்சில்கள் நடுங்கும். அந்தச் சத்தத்தில் கத்திப் பேச அவருக்குப் பிடிக்காது. அதனால் குறைவாகவே பேசுவார்.

அவரிடம் படிக்க வந்தவர்களில் சோலைமலை மட்டும் ஆசிரியையைவிட வயதில் மூத்தவர். இன்சூரன்ஸ் அலுவலக வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வரைய வந்தவர். அவர் ஆசிரியையை டீச்சர் என்பார். ஆசிரியை அவரை அண்ணே என்பார்.

சோலைமலையின் மனைவி அங்கயற்கண்ணி தண்ணீர் கேன் கம்பெனி நடத்தினார். ஊருக்குக் குடிநீர் தரும் குளம் என்ற பொருளில் ஊருணி என்று பெயர் வைத்திருந்தார். தண்ணீர் நல்ல தண்ணீர்தான். கேன்கள்தான் வீடு திரும்பவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் எல்லாக் கம்பெனிகளின் காலிக் கேன்களும் மாடிப்படிக்குக் கீழே ஒன்றாகக் கிடக்கும். வண்டியில் வருகிறவர்கள் கைக்கு வந்ததைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

"நம்ம கேன் பாதி ஊர்ல இருக்கு. ஊர்க் கேன் பாதி நம்மகிட்ட இருக்கு" என்றார் அங்கயற்கண்ணி. "இது கம்பெனியா, இல்ல பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்குற சம்பந்தமா?"

புதுக் கேன்கள் வாங்கியிருந்தார். வெள்ளிக்கிழமை அவை அச்சுக்குப் போகின்றன.

"அதுக்குள்ள ஒரு சின்னம் வரைஞ்சு குடுங்க. தூரத்துல இருந்து பார்த்தாலே நம்ம கேன்னு தெரியணும். முடியலேன்னா சொல்லிருங்க. என் தம்பி இன்டர்நெட்ல இருந்து ஒண்ணை உருவிக் குடுத்துருவான்."

சோலைமலைக்குச் சோறு இறங்கவில்லை. மைத்துனன் உருவிக் கொடுத்ததை ஆயுசு முழுக்கத் தன் வீட்டுக் கேனிலேயே பார்த்துக்கொண்டு தண்ணீர் குடிப்பதா?

திங்கட்கிழமை காலையில் ஒரு சின்னத்தோடு மாடி ஏறினார்.

ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஒரு நீர்த்துளி. துளிக்குள் படிக்கட்டோடு ஒரு குளம். குளத்தில் தாமரை. தாமரைக்கு மேலே சூரியன். எல்லாவற்றையும் கீழேயிருந்து இரண்டு கைகள் ஏந்தியிருந்தன. வட்டத்தைச் சுற்றித் தூய்மை, தாய்மை, வாய்மை என்று எழுதியிருந்தது.

"நல்ல சின்னம்னா எப்படி இருக்கணும் டீச்சர்? இது சரியா இருக்கா?"

ரெஜினா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அழகா இருக்குண்ணே. கைவிரல் நகம்கூடத் தெரியுது."

சோலைமலையின் முகம் மலர்ந்தது.

ரெஜினா அந்தத் தாளை நான்காக மடித்து அவர் சட்டைப்பையில் வைத்தார். ஒரு வெற்றுத் தாளை எடுத்து நீட்டினார்.

"இப்ப இதுல அதை வரைங்க."

"அதையேவா?"

"அதையேதான்."

சோலைமலை வட்டம் போட்டார். துளி போட்டார். படிக்கட்டில் பென்சில் நின்றது. தாமரை படிக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? முதலில் வந்தது தூய்மையா, வாய்மையா? சட்டைப்பையைத் தொட்டார். ஆசிரியை கூடாது என்று தலையை அசைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்துச் சோலைமலை பென்சிலைக் கீழே வைத்தார்.

"பெத்தவனுக்கே பிள்ளை முகம் மறந்து போச்சு டீச்சர்."

"ஏண்ணே இவ்வளவையும் உள்ள வச்சீங்க?"

"குளம் நான் வச்சது. தாமரை எங்க அக்கா சொன்னது. சூரியன் சம்பந்தி சொன்னது. கை..." அவர் யோசித்தார். "கை யார் சொன்னதுன்னு தெரியல."

ரெஜினா சிரித்துவிட்டார். சோலைமலையும் சிரித்தார். அன்றைய பாடம் அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தார். தாளில் ஒரே ஒரு நீலத் துளி. மேலே கூர்மை, கீழே உருண்டை. கோட்டில் ஒரு பிசிறு இல்லை.

"கண்ணை மூடிக்கிட்டு வரைவேன் டீச்சர்" என்றார். வரைந்தும் காட்டினார்.

"நல்லா இருக்கு. இதை ஒரு கேன்ல ஒட்டிப் பார்ப்போமா?"

மில்லுக்கு எதிரே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு இருந்தது. அதன் மாடிப்படிக்குக் கீழே காலியும் நிறைந்ததுமாகத் தண்ணீர் கேன்கள் கூட்டமாக நின்றன. ரெஜினா துளியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். ஒரு கேனில் ஒட்டினார். திரும்பி வந்து, சாலைக்கு இந்தப் பக்கம் சோலைமலை அருகில் நின்றுகொண்டார்.

"அண்ணே, உங்க கேன் எது?"

சோலைமலை கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அந்தா, முன்னால நிக்குது."

"அது வான்துளி கம்பெனிக் கேன்."

"அப்ப அதுக்குப் பக்கத்துல இருக்கறது."

"அது பனித்துளி."

"தூணுக்குப் பின்னால?"

"அது தேன்துளி. தண்ணிக்கு எதுக்குத் தேன்துளின்னு பேர் வச்சாங்கன்னு எனக்கும் தெரியல."

சோலைமலை சாலையைக் கடந்து போனார். குனிந்து ஒவ்வொரு கேனாகத் திருப்பிப் பார்த்தார். அங்கே எல்லாமே துளி. எல்லாமே நீலம். அவர் துளி எங்கோ அந்தச் சொந்தபந்தத்துக்குள் கலந்துவிட்டிருந்தது.

அப்போது மேலேயிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார்.

"தண்ணிக்காரரே! மாடியில தண்ணி தீர்ந்து போச்சு. ஒண்ணு கொண்டாந்து மாட்டிட்டுப் போங்க."

"நான் தண்ணிக்காரர் இல்லம்மா" என்றார் சோலைமலை.

"அப்ப கேனை எதுக்குத் திருப்பித் திருப்பிப் பார்க்குறீங்க?"

சோலைமலை திரும்பி ஆசிரியையைப் பார்த்தார்.

"கொண்டு போங்கண்ணே" என்றார் ரெஜினா.

"நானா?"

"உங்க வீட்டுக் கம்பெனி என்ன கம்பெனிண்ணே?"

சோலைமலை வேட்டியை மடித்துக் கட்டினார். நிறைந்திருந்த ஒரு கேனைத் தோளில் ஏற்றினார். சாய்ந்து, நிமிர்ந்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினார். ரெஜினா பின்னாலேயே வந்தார். உதவிக்குக் கை நீட்டவில்லை.

மேல்தளத்தில் அந்தப் பெண் கதவைத் திறந்து வைத்திருந்தார். சமையலறையில் குழாய் வைத்த ஸ்டாண்ட் இருந்தது. சோலைமலை கேனின் மூடியைத் திறந்து, அதைத் தூக்கி, ஸ்டாண்டில் கவிழ்த்தார். கேனுக்குள் குமிழிகள் கடகடவென்று ஏறின. பாதித் தண்ணீர் அவர் சட்டையில்.

"தொழிலுக்குப் புதுசா?" என்று கேட்டார் அந்தப் பெண்.

"ஆமாம்மா."

"பார்த்தா தெரியுது. போகப் போகப் பழகிரும்."

சட்டையைப் பிழிந்துகொண்டே சோலைமலை கேனைப் பார்த்தார். பிறகு தலையைச் சாய்த்துப் பார்த்தார். அதன் துளி தலைகீழாக இருந்தது. உருண்டை மேலே, கூர்மை கீழே. திருவிழாவில் விற்கும் பலூனைப் போல.

"எப்பவும் இப்படித்தான் இருக்குமாம்மா?" என்று கேட்டார்.

"எப்படி?"

"படம் தலைகீழா."

"கேனைக் கவுத்தா படமும் கவுந்துதானே நிக்கும்? முன்னால ஒரு கம்பெனி, கேன்ல லட்சுமி படம் போட்டிருந்துச்சு. மகாலட்சுமி என் சமையக்கட்டுல தலைகீழா நிக்கிறான்னு எங்க மாமியார் அதைப் பார்த்துப் பார்த்துக் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. கடைசியில அந்தத் தண்ணியே வேணாம்னு நிறுத்திட்டோம்."

நேற்றுப் போட்ட அதே சட்டை. பையில் நனைந்துபோயிருந்த பழைய தாளைச் சோலைமலை எடுத்தார். பிரித்தார். தலைகீழாகப் பிடித்தார். இரண்டு கைகள் குளத்தைத் தூக்கித் தரையில் கொட்டிக்கொண்டிருந்தன. தாமரை மிதக்க இடமில்லாமல் தொங்கியது.

அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று அந்தப் பெண் பயந்துபோய்ப் பார்த்தார். சோலைமலை சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

இறங்கும்போது கேட்டார்:

"இது உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா டீச்சர்?"

"எங்க வீட்லயும் கேன் தண்ணிதாண்ணே."

"எங்க வீட்லயும்தான். தினமும் குடிக்கிறேன். கண்ணுல படலையே."

"குடிக்கும்போது டம்ளரைத்தானே பார்ப்போம்" என்றார் ரெஜினா.

புதன்கிழமை சோலைமலை வகுப்புக்கு வரவில்லை. வீட்டுக் கூடத்தில் ஒரு தாளை விரித்து உட்கார்ந்திருந்தார். ஒன்றை வரைவார். எழுந்து மறுபக்கம் போய் நின்று பார்ப்பார். பக்கவாட்டில் போய்ப் பார்ப்பார். கிழிப்பார். மறுபடி வரைவார்.

அங்கயற்கண்ணி போன் பேசிக்கொண்டே அவரைத் தாண்டிப் போனார். திரும்பி வரும்போது நின்றார்.

"ஏங்க, எதுக்கு இந்தத் தாளைச் சுத்திச் சுத்தி வர்றீங்க? பிரதட்சணமா?"

"எந்தப் பக்கம் நின்னு பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கணும், அங்கை."

"உட்கார்ந்துக்கிட்டுத் தாளைச் சுத்தினா போதாதா?"

சோலைமலை நின்றார். தாளைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"இரு, இரு. இப்ப என்ன சொன்ன?"

"தாளைச் சுத்துங்கன்னு சொன்னேன்."

"அதுக்கு முன்னால."

"பிரதட்சணமான்னு கேட்டேன்."

குளத்தைச் சுற்றி வருகிறவருக்கு எந்தக் கரையில் நின்றாலும் அதே படிகள். அதே தண்ணீர். சோலைமலை தரையில் உட்கார்ந்தார். பென்சிலை எடுத்தார்.

ஒரு சதுரம். அதற்குள் இன்னொரு சதுரம். அதற்குள்ளும் ஒன்று. நடுவில் ஒரு வட்டம்.

அங்கயற்கண்ணி போனை அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"இது என்னங்க?"

"ஊருணி. மேல இருந்து பார்த்தா இப்படித்தான் இருக்கும். இது கரை, இது படி, நடுவுல ஊத்து."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"இதுக்கா சாப்பிடாமக் கிடந்தீங்க?"

சோலைமலை தாளைத் தலைகீழாகத் திருப்பினார். பிறகு பக்கவாட்டில் திருப்பினார். அங்கயற்கண்ணி அதை மூன்று பக்கமும் பார்த்தார். பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் சொம்பில் விரலை நனைத்துத் தரையில் ஒரு சதுரம் போட்டார். உள்ளே ஒன்று, அதற்கும் உள்ளே ஒன்று. நடுவில் வட்டம். தாளைப் பார்க்கவே இல்லை.

"என்ன கலர்?"

"செங்கல் சிவப்பு."

"தண்ணிக்குப் போய் சிவப்பா? யாராச்சும் சிரிக்கப் போறாங்க."

"நீலத்துல போட்டா நம்ம கேனை மறுபடியும் தேடணும், அங்கை. நான் நேத்து தேடிப் பார்த்தேன்."

அங்கயற்கண்ணி தரையில் காய்ந்துகொண்டிருந்த சதுரங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தம்பிக்குப் போன் செய்தார்.

"நீ ஒண்ணும் உருவ வேணாம்டா. மாமா வரைஞ்சுட்டாரு."

சோலைமலை அன்றைக்கு இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

கேன்கள் அச்சாகி வந்தன. ஊருக்குள் போயின. அந்த மாதம் முழுக்க ஒன்றொன்றாகத் திரும்பியும் வந்தன. மாடிப்படிகளுக்குக் கீழே நீலக் கூட்டத்தின் நடுவே செங்கல் சிவப்புத் தனியாக நின்றது. மற்றக் கம்பெனி வண்டிக்காரர்கள் அதைத் தொடவில்லை. அங்கயற்கண்ணி புதிதாக ஒரு வண்டி வாங்கப் போவதாகச் சொல்லத் தொடங்கினார். இதுவரை பேர் தெரியாத தெருக்களிலிருந்தெல்லாம் போன் வந்தது.

ஆனால் ஒருநாள் சோலைமலை வாடிய முகத்தோடு மாடி ஏறி வந்தார்.

"என்னண்ணே, கேன் காணாமப் போச்சா?"

"கேன் ஒண்ணும் போகல டீச்சர். பேர்தான் போச்சு."

"யார் பேர்?"

"போன் பண்றவங்க ஊருணின்னு கேட்கறதில்ல. கேரம் போர்டு தண்ணி இருக்கான்னு கேட்குறாங்க."

ரெஜினா வாயைப் பொத்திக்கொண்டார்.

"சிரிக்காதீங்க டீச்சர். சதுரத்துக்குள்ள சதுரம், நடுவுல வட்டம். கேரம் போர்டாம். ரெண்டு கேரம் போர்டு அனுப்புங்க, சில்லறை தர்றோம்ங்கறாங்க. அங்கையும் அப்படியே சரிங்க, கேரம் போர்டு வந்துகிட்டே இருக்குன்னு சொல்லுறா. ஒருத்தர்கூட அது குளம்னு கண்டுபிடிக்கல."

கீழே மில் ஓடத் தொடங்கியது. மேஜையில் பென்சில்கள் நடுங்கின. சோலைமலை குரலை உயர்த்தினார்.

"அடுத்த கேன்ல சின்னத்துக்குக் கீழ பொடி எழுத்துல எழுதிரலாமா டீச்சர்? இது கேரம் போர்டு அல்ல, ஊருணின்னு?"

ரெஜினா மில் நிற்கும்வரை காத்திருந்தார். சத்தம் அடங்கியதும் மெதுவாகக் கேட்டார்:

"யாருன்னே தெரியாத ஆளுக்கு யாராவது பட்டப்பேர் வைப்பாங்களாண்ணே?"