ஐந்து தெருக் கூட்டம்

ஆவுடையப்பன் நிலம் அளக்கும் வேலையை விட்டுவிட்டு வைத்தியர் நீலமங்கையிடம் சீடராகச் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. ஊரார் அம்மை என்றழைத்த நீலமங்கை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

உப்பளத்தை ஒட்டிய அந்த ஊரில் கோடைதோறும் பேதி கண்டு குழந்தைகள் இறந்தன. அதைத் தடுக்க அம்மை ஐந்து தெருக்காரர்களையும் சேர்த்து ஒரு கூட்டம் உண்டாக்கியிருந்தார். ஒரு வருடம் ஓடிவிட்டது. அதனால் பலன் உண்டா என்று ஜமீன்தார் கேட்டனுப்பினார். இல்லையென்றால் கலைத்துவிடச் சொன்னார். பார்த்துவரும் பொறுப்பு ஆவுடையப்பனுக்கு வந்தது.

ஒரு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கினார். திரும்பி வந்தவருக்கு அம்மையின் முகத்தைப் பார்க்கவே தயக்கமாக இருந்தது.

“சொல்லுங்கள் ஐயா.”

“கூடிய நாளெல்லாம் சண்டைதான் அம்மா. கிணற்று விஷயத்தில் மட்டும் நாலு நாள் சண்டை.”

“சரி.”

“கூட்டம் தொடங்குமுன், போன கோடையில், பேதி கண்டவர்கள் பதினெட்டுப் பேர் என்று நம் பதிவில் இருக்கிறது. இந்தக் கோடையில் நாற்பத்தொரு பேர்.” குரல் இறங்கியது. “பலன் இல்லை என்றுதான் எழுத வேண்டும் போலிருக்கிறது.”

“சலவைக்காரர் தெருவரை போய்வரலாம், வாருங்கள்” என்று அம்மை எழுந்தார்.

தெருமுனையிலேயே, அங்கே குடியிருக்கும் செம்பாயி எதிரே வந்தாள்.

“உங்களத்தான் தேடி வந்தேம்மா. சின்னவனுக்குக் காலையிலருந்து மூணு தடவ போயிட்டு. உப்பளத்து மாடத்தி உப்புக் கஞ்சி குடுத்துக்கிட்டிருக்கா. நீங்களும் ஒருவாட்டி பாத்துருங்க.”

குடிசைக்குள் மாடத்தி குழந்தையை மடியில் போட்டுக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தாள். அம்மை அதன் நாக்கைப் பார்த்தார். வறண்டுபோகாமல் ஈரமாக இருந்தது.

“நிறுத்தாமல் கொடு” என்றார்.

ஆவுடையப்பன் நோட்டைப் பிரித்தார். இந்தக் குழந்தையோடு நாற்பத்திரண்டு. பழைய பதிவையும் பார்த்தார்.

“போன கோடையில் இந்த வீட்டில் யாருக்கும் நோய் இல்லையே?”

செம்பாயி மாடத்தியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ரெண்டு புள்ளைக்கு இருந்துச்சுய்யா. வெளிய தெரிஞ்சா இந்தத் தெருவுக்கே கிணத்துல தண்ணி எடுக்க விடமாட்டாக. சொல்லாம வச்சிருந்தோம்.” குடிசையின் பின்பக்கம் கைகாட்டினாள். “ரெண்டும் அங்கன மண்ணுக்குள்ளதான் கிடக்கு.”

“இப்போது மட்டும் எப்படிச் சொன்னாய்?”

“இவதான் கூட்டத்துல எந்திரிச்சு, நோயக் காட்டிக் கிணத்த அடைக்கக் கூடாதுன்னு நாலு நாளும் மல்லுக்கு நின்னா. இப்ப யாரும் தடுக்கதில்ல.”

மாடத்தி நிமிரவில்லை. கரண்டியைக் குழந்தையின் வாயருகே பிடித்திருந்தாள்.

“அந்தப் பிள்ளைகளின் பெயர் என்னம்மா?” என்று ஆவுடையப்பன் கேட்டார்.

“வேலம்மா. இன்னொண்ணுக்குப் பேரு வைக்கல.”

அப்படியே எழுதிக்கொண்டார்.

இருவரும் வெளியே வந்து நடந்தார்கள்.

“கூட்டம் வந்த பிறகுதான் நோயை மறைக்காமல் சொல்கிறார்கள். அதைக் கலைக்கக் கூடாது என்று இன்றைக்கே ஜமீன்தாருக்கு எழுதிவிடுகிறேன் அம்மா” என்றார் ஆவுடையப்பன்.

“எழுதுங்கள்.”

“இன்னொன்று. ஒப்பிட்டுப் பார்க்கலாமென்று பக்கத்து ஊரான கீழைக்குப்பத்துக்கும் போயிருந்தேன். அங்கே கூட்டம் எதுவும் கிடையாது. இந்தக் கோடையில் ஒருவருக்குக்கூட நோய் இல்லை என்றார்கள்.”

அம்மை நின்றுவிட்டார்.

“அப்படியானால் வீட்டுக்குத் திரும்ப வேண்டாம் ஐயா” என்றார். “நேரே அங்கே போவோம்.”