கரடி ஒளித்த கிழங்கு

ஒரு காட்டில் முள்ளம்பன்றி ஒன்று இருந்தது, குழந்தைகளே. குழி தோண்டுவதில் அதை மிஞ்ச அங்கே யாரும் இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறொரு காடு. அந்தக் காட்டு விலங்குகள் கோடைக்காகக் கிழங்கும் கொட்டையும் கொண்டுவந்து ஒரு குகையில் பொதுவாகச் சேர்த்து வைக்கும். குகைக்கு அதிகாரி ஒரு கரடி.

ஒருநாள் அந்தக் கரடி ஆற்றைக் கடந்து வந்தது. தன் கிழங்கை வைக்க வேண்டும், இங்கே ஒரு பாறைக்குப் பின்னால் ஆழமாகக் குழி தோண்டிக் கொடு என்று முள்ளம்பன்றியைக் கேட்டது. முள்ளம்பன்றியும் தோண்டிக் கொடுத்து, கூலியாகக் கொஞ்சம் கிழங்கு வாங்கிக்கொண்டது. குழி நிரம்பியதும் இன்னொரு குழி கேட்டது கரடி. அதுவும் நிரம்பியது. ஒரு கரடிக்கு இவ்வளவு கிழங்கா என்று முள்ளம்பன்றிக்கு உறுத்தியது. ஆனாலும் கேட்கப் பயம்.

கோடை வந்தபோது அக்கரைக் குகை காலியாகக் கிடந்தது. எல்லாவற்றையும் கரையான் அரித்துவிட்டதாகக் கரடி கையை விரித்தது.

பசி தாங்காமல் ஒரு மான் தன் குட்டியோடு இக்கரைக்கு வந்து சேர்ந்தது. குட்டியால் நிற்கக்கூட முடியவில்லை. மான் நடந்ததைச் சொல்லச் சொல்ல, முள்ளம்பன்றிக்கு வாயிலிருந்த கிழங்கு உள்ளே இறங்கவில்லை.

இக்கரைக் காட்டின் அரசி ஒரு யானை. மானின் கதை அதன் காதுக்கும் போனது. கரடி அடிக்கடி ஆற்றைக் கடந்து வந்து போனதும் அதற்குத் தெரியும். திருட்டுப் பொருள் நம் மண்ணில் இருந்தால் நமக்கும் அவமானம் என்று வருந்திய யானை, இடத்தைச் சொல்பவருக்குப் பலாத்தோப்பில் பங்கு உண்டு, பெயர் வெளியே வராது என்று அறிவித்தது.

உண்மை சொல்வது கடமைதானே, அதற்கு எதற்குப் பரிசு என்று மந்திரி நரி முணுமுணுத்தது.

"கடமைதான்," என்றது யானை. "ஆனால் சொன்னவர் இருக்கும் இடத்தை விட்டு ஓட நேர்ந்தால், அந்த இழப்பை யார் ஈடுகட்டுவது?"

கரடியும் சும்மா இருக்கவில்லை. முள்ளம்பன்றியின் வளை வாசலில் வந்து நின்றது.

"அரசியிடம் நீ மட்டும் போனாய் என்று தெரிந்தால், இந்த வளையும் இருக்காது, நீயும் இருக்க மாட்டாய்."

அதன்பின் யானை இருக்கும் குளத்துக்கு யார் போகிறார்கள் என்று பார்த்தபடி கரடி ஒரு மேட்டில் உட்கார்ந்துகொண்டது.

யானை அதைக் கவனித்தது. காட்டில் உள்ள எல்லோரும் ஒவ்வொருவராக வந்து, தங்கள் பக்கம் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று ஆணையிட்டது. அணில் வந்தது, காட்டெருமை வந்தது, ஆமைகூட வந்தது. எல்லோரும் தண்ணீரைப் பற்றிச் சொல்லப் போனதால், முள்ளம்பன்றி போனாலும் அதைச் சந்தேகிக்கக் கரடிக்கு வழியில்லாமல் போனது.

முள்ளம்பன்றியின் முறை வந்தது.

"குழி தோண்டியது நான்தான், அரசி. கூலியும் வாங்கித் தின்றேன்."

"தெரியாமல் தோண்டினாய். தெரிந்ததும் வந்தாய். இடத்தைச் சொல்," என்றது யானை.

மறுநாள் காலையில் யானைக் கூட்டம் பாறையைப் புரட்டிக் குழிகளைத் திறந்தது. பாதியை நாமே வைத்துக்கொள்ளலாம், பரிசையும் இதிலிருந்தே கொடுக்கலாம் என்றது நரி. அது பசித்தவர்களின் சோறு, பரிசு நம் தோப்பிலிருந்துதான் என்று யானை மறுத்துவிட்டது. கிழங்கையெல்லாம் அக்கரைக்குச் சுமந்துபோய், எந்த அதிகாரி கையிலும் கொடுக்காமல், எல்லோர் கண் முன்னாலும் பங்கிட்டுக் கொடுத்தது. கரடியை அந்தக் காட்டு விலங்குகளே துரத்திவிட்டன.

முள்ளம்பன்றி பலாத்தோப்புக்குக் குடிபோனது. ஏன் இங்கே வந்தாய் என்று கேட்டவர்களிடம், நிழல் பிடித்துப்போயிற்று என்று சொல்லிவைத்தது.

யார் சொன்னது என்பது கடைசிவரை வெளியே தெரியவில்லை. சொன்னவருக்குத் தீங்கு எதுவும் வரவில்லை என்பது மட்டும் காடு முழுக்கத் தெரிந்திருந்தது. அடுத்த மழைக்காலத்தில் வேறொரு காட்டு ஓநாய் திருட்டு மூட்டையோடு ஆற்றைக் கடந்தது. அது மூட்டையை இறக்கி வைப்பதற்குள், இரண்டு மைனாக்கள் யானையைத் தேடிப் பறந்தன.

நீதி: உண்மை சொல்பவரைக் காத்துப் பரிசளிக்கும் நாட்டில் திருட்டுப் பொருளுக்கு ஒளிய இடம் இல்லை.