டப்பாவில் சிரித்தவள்

முதலாளி தங்கதுரை தொட்டியில் வளர்த்து, காயவைத்து விற்ற சுருள்பாசிப் பொடி டப்பாவில் பூரணியின் படம் சிரித்தது: "சர்க்கரை நோய் போயே போச்சு! பக்கவிளைவே இல்லை!"

பொடியை நம்பி மாத்திரையை நிறுத்திய பூரணி மூன்றே மாதத்தில் செத்துப்போனாள். முதலாளியின் பாசித் தொட்டியில் வேலைபார்க்கும் அவள் புருஷன் சுடலைமுத்து அவரிடமே போய் நியாயம் கேட்டான்.

"பொடியை நம்பித்தான் செத்தாள்னு ஆதாரம் காட்டுடா!"

"நோய் போனதுக்கு நீங்க என்ன ஆதாரம் காட்டுனீங்கய்யா?"

"அதான் படம் போட்டிருக்கேனே! ஊரே நம்புதே!"

"சரிங்கய்யா."

மறுநாள் கடைத்தெருவில் பொடி விளம்பரம் இருந்த சுவரிலெல்லாம், பக்கத்திலேயே ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். அதே படம், அதே சிரிப்பு. பொடி வாங்க வந்தவர்கள் இரண்டையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

"கிழிச்செறிடா அதை!" என்று முதலாளி கத்தினார்.

சுடலைமுத்து சுவரைப் பார்த்தான்.

"எந்தப் பூரணியைக் கிழிக்கட்டும், ஐயா?"