முகிலரசுவின் மூன்றாவது நோட்டீஸ்

எதிர்க்கட்சிக்காரனுக்கு என்ன பெரிய வேலை, ஆளுங்கட்சியைத் திட்டுவதுதானே என்று நினைப்பவர்கள் முகிலரசுவைப் பார்த்ததில்லை. மூன்று நாளாக மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. ஆட்சிக்கு வயது இரண்டரை. நடுவில் நகராட்சித் தேர்தல் வந்துவிட்டது. அந்தந்த ஊருக்கான செய்தியை அந்தந்த நகரச் செயலாளரே எழுதட்டும், வீட்டுக்கு ஒரு நோட்டீஸ் போகட்டும் என்று தலைமை சொல்லிவிட்டது. இந்த ஊருக்குச் செயலாளர் இவர்தான். போன சட்டசபைத் தேர்தலில் தோற்றாயிற்று. இதிலும் தோற்றால் பதவி போய்விடும்.

அவருக்கு ஒரு குரு உண்டு. பாறைமேட்டு மடத்தில் தனியாக இருக்கும் நீலாவதி. ஊரில் மடத்தம்மா என்பார்கள். முகிலரசுவைவிடப் பதினாறு வயது சின்னவர். மேடையில் இரண்டு மணி நேரம் விடாமல் பேசுகிற மனிதர், இந்த அம்மாவுக்கு முன்னால் மட்டும் வாயை மூடிக்கொண்டு உட்காருவார். ஒன்பது வருஷமாக இப்படித்தான். கட்சிக்காரர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் கிண்டலடித்தே ஊரைவிட்டு ஓட்டிவிடுவார்கள்.

"மூணு நோட்டீஸ் எழுதியிருக்கேம்மா. எதை அடிக்கறதுன்னு நீங்க சொல்லணும்."

மடத்தம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"படிங்க, செயலாளரே."

முதலாவது விலைவாசி.

"அரிசி விலை ஏறினது அரிசி வாங்கறவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அடுத்தது படிங்க."

இரண்டாவது ஊழல். அதில் கொள்ளை என்ற சொல் மட்டும் பதினோரு இடத்தில் வந்தது.

"போன தடவை அவங்க உங்களைப் பத்தி அடிச்சதும் இப்படித்தானே இருந்துச்சு?"

முகிலரசு அதையும் மடித்துப் பைக்குள் வைத்தார். அவர் நம்பி வந்தது மூன்றாவதைத்தான். அதற்குத் தலைப்பு, 'குழந்தையைக் கொன்ற ஆட்சி.' கீழே பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமியின் படம். ஏழு வயது ரோஸ்லின். போன ஐப்பசி மழையில், தெருச் சாக்கடை மேல் உடைந்து கிடந்த சிலாப் வழியாக உள்ளே விழுந்து செத்துப்போனவள்.

"இது ஒண்ணு போதும்மா. முப்பத்தாறு வார்டும் நமக்குத்தான்."

"படம் போட அவங்க அம்மாகிட்ட கேட்டீங்களா?"

"சகாயமேரிகிட்டயா? கேட்டேன். தலையாட்டினாங்க. நான் எழுதிக் குடுத்த மனு என்ன ஆச்சுண்ணேன்னு மட்டும் கேட்டாங்க. அதையும் விடலை, சேர்த்துட்டேன். 'தாய் மனு கொடுத்தும் தூங்கிய நகராட்சி.'"

"அந்த மனுவைப் பார்த்தீங்களா?"

"இல்ல."

"பார்த்துட்டு வாங்க."

அவ்வளவுதான் சொன்னார். கீரைக்குத் திரும்பிவிட்டார்.

முகிலரசு நேராக நகராட்சிக்குப் போனார். குமாஸ்தா மூன்று வருஷப் பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார். சகாயமேரி என்ற பெயரே அதில் இல்லை. ஆளுங்கட்சிக்காரர்கள் கிழித்தெறிந்திருப்பார்கள், இதுவும் நமக்கு நல்லதுதான் என்று எண்ணிக்கொண்டே சகாயமேரி வீட்டுக்கு நடந்தார். அரசியல் புத்தி அப்படித்தான் ஓடும், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

"நகராட்சிக்கு எந்தத் தேதியில குடுத்தீங்கம்மா?"

"நகராட்சிக்கா? இல்லண்ணே. உங்ககிட்டதான் குடுத்தேன்."

"என்கிட்டயா?"

"போன எலெக்ஷனுக்கு மனுப்பெட்டியை ஆட்டோல வெச்சுக்கிட்டு வந்தீங்களே. எதுவா இருந்தாலும் எழுதிப் போடுங்க, நாங்க பார்த்துக்கறோம்னு மைக்ல சொன்னீங்க. பாப்பாவை இடுப்புல வெச்சுக்கிட்டு வந்து குடுத்தேன். நீங்ககூட அவ கன்னத்தைக் கிள்ளினீங்கண்ணே."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. மறந்துபோனவருக்கு நினைவுபடுத்துகிற மாதிரிதான் சொன்னாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கினார்.

கட்சி ஆபீஸ் பரணில், பழைய பேனர்களுக்கு அடியில் ஏழு மனு மூட்டைகள் இருந்தன. தோற்ற மறுநாள் இவரே ஏற்றச் சொன்னவை. ஒன்றின் கட்டுகூட அவிழ்க்கப்படவில்லை. மூன்றாவது மூட்டையில் கிடைத்தது. கோடு போட்ட நோட்டுத் தாள்.

'ஐயா, எங்கள் வீட்டு எதிரில் சாக்கடை மேல் சிலாப் விரிசல் விட்டிருக்கிறது. என் மகள் அதன் மேல்தான் பால்வாடிக்கு நடக்கிறாள். பெரியவர்கள் மிதித்தால் ஆடுகிறது. மாற்றித் தர வேண்டும்.'

ஓரத்தில் சிவப்பு மையில், 'பெற்றுக்கொண்டேன். உடனே கவனிக்கப்படும்.' கீழே முகிலரசு என்று கையெழுத்து. நன்றாக வளைத்துப் போட்ட கையெழுத்து. பரண் ஏணியின் நடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மடத்துக்குத் திரும்பி வந்து மனுவை நீட்டினார். மடத்தம்மா இரண்டு தடவை படித்தார்.

"நாங்க ஜெயிக்கலையேம்மா. ஜெயிச்சிருந்தா செஞ்சிருப்போம்."

"இதைக் கொண்டுபோய் நகராட்சியில குடுக்கறதுக்கு ஜெயிக்கணுமா?"

முகிலரசு தலை குனிந்தார். கண்ணீர் மூக்கு நுனியில் நின்றது. துடைக்கவில்லை.

"நான்தாம்மா கொன்னேன்."

"நீங்களும்தான்."

இல்லை என்று சொல்வார் என எதிர்பார்த்தாரோ என்னவோ, நிமிர்ந்து பார்த்தார். மடத்தம்மா பார்வையை மாற்றவில்லை.

"அச்சகத்துல சாயங்காலத்துக்குள்ள குடுக்கணும்மா. நோட்டீஸ்ல இனி நான் என்ன எழுதறது? இதை மறைச்சா நான் மனுஷன் இல்ல. வெளியில சொன்னா கட்சி முடிஞ்சுது. நீங்கதான் ஒரு வழி சொல்லணும்."

"மூட்டையில இன்னும் எத்தனை மனு இருக்கும்?"

"நாலாயிரம் இருக்கும்."

"அதுல என்னென்ன எழுதியிருக்கு?"

"தெரியாதும்மா. இது கிடைச்சதும் ஓடி வந்துட்டேன்."

"சிலாப் ஆடுதுன்னு வேற யாராவது எழுதியிருக்காங்களா?"

முகிலரசு இல்லையென்று தலையாட்டப் போய் நிறுத்தினார்.

"கரண்ட் கம்பி தொங்குதுன்னு? பள்ளிக்கூடச் சுவர் சாயுதுன்னு?"

"தெரியாதும்மா."

"அப்புறம் எதுக்கு இங்க உட்கார்ந்திருக்கீங்க?"