குரங்கு கிடார் பழகிய பத்து நாள்

காட்டாற்றங்கரையில் ஒரு பெரிய மருத மரம். அதில் துடியன் என்கிற குரங்கும் அவன் பெண்டாட்டி செங்காணியும் குடியிருந்தார்கள். பிறந்து இருபது நாள்கூட ஆகாத ஒரு குட்டி அவர்களுக்கு.

அந்தப் பக்கம் ஒரு சிறுத்தையும் திரிந்தது. முள்ளம்பன்றி மேல் பாய்ந்ததில் அதன் முன்னங்காலில் முள் ஏறி உள்ளேயே ஒடிந்துவிட்டது. மானைத் துரத்த முடியவில்லை. படுத்தால் கால் தெறிக்கும், தூக்கம் வராது. பசியும் தூங்காத கண்ணுமாக அது வெறிபிடித்து அலைந்தது.

ஒரு நாள் காலையில் செங்காணி குட்டியோடு தாழ்ந்த கிளையில் இருந்தாள். சிறுத்தை சத்தமில்லாமல் அடிமரத்தில் பாதி ஏறிவிட்டது. இன்னும் ஒரே ஒரு தாவல்தான். மேல்கிளையிலிருந்து துடியன் அதைப் பார்த்தான். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான்.

"அண்ணே, நில்லுங்க! உங்களைத் தூங்க வைக்க எனக்குத் தெரியும்."

சிறுத்தை நின்றது.

விஷயம் இதுதான். முந்தின வாரம் ஆற்றங்கரையில் கூடாரம் போட்டிருந்த மனிதர்களில் ஒருவன் மத்தியானமானால் கிடார் வாசிப்பான். புதருக்குள் கிடந்த சிறுத்தை அதைக் கேட்டு மூன்று நாள் கண் அசந்ததைத் துடியன் மரத்திலிருந்து பார்த்திருந்தான். பிறகு யானைக் கூட்டம் வந்தது. மனிதர்கள் அலறிக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போனார்கள். விட்டுப்போன கிடாரைத் துடியன் தூக்கிவந்து மரப்பொந்தில் செருகி வைத்திருந்தான். ஒரு நாளாவது அதை வாசித்ததுண்டா என்றால், இல்லை.

"அப்போ வாசி," என்றது சிறுத்தை.

தந்தியெல்லாம் தொளதொளத்துக் கிடக்கிறது, சரிபண்ணப் பத்து நாளாவது ஆகும் என்று துடியன் இழுத்தான். சிறுத்தை அவனைப் பார்த்தது. பிறகு குட்டியைப் பார்த்தது.

"பத்தாம் நாள் மத்தியானம் வருவேன். நான் தூங்கிட்டா இந்த மரத்துப் பக்கமே தலைவைக்க மாட்டேன். தூங்கலைன்னா குட்டி எனக்கு."

எங்காவது ஓடிவிடலாமென்றால், அக்கரை வேறு குரங்குக் கூட்டத்தின் காடு. கால் வைத்தால் கடித்துக் குதறிவிடுவார்கள். இந்தப் பக்கம் சிறுத்தை. பழகுவதைத் தவிர வழியில்லை.

முதல் நாள் துடியன் அவசரத்தில் தந்தியை இறுக்கும் முறுக்காணியைத் திருகினான். மெல்லிய தந்தி பட்டென்று அறுந்து கன்னத்தைக் கிழித்தது. ஆறில் ஒன்று போச்சு. மிச்சம் ஐந்தையாவது காப்பாற்ற வேண்டுமே என்று செங்காணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்த மனிதன் வாசிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தந்தியாகத் தட்டிப் பார்த்த சத்தம் அவள் காதில் அப்படியே இருந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும் என்று சொல்லிச் சொல்லி ஐந்தையும் சுதி சேர்த்துக் கொடுத்தாள்.

அடுத்த தொல்லை விரலுக்கு வந்தது. லேசாக அமுக்கினால் தந்தி கிர்ரென்று கரகரத்தது. நன்றாக அமுக்கினால் கம்பி விரல் நுனியை அறுத்தது. ஆற்றில் கிடந்த நீர்நாய் பார்த்துவிட்டு, வலிக்கிற விரலைத் தண்ணீரில் வை, சொர்க்கமாக இருக்கும் என்றது. இருந்தது. துடியன் கொஞ்ச நேரம் வாசிப்பான், நெடுநேரம் ஊறவைப்பான். மறுநாள் விரல் நுனி ஊறின மொச்சைபோல் மெத்தென்று இருக்கும், கம்பி பட்டதும் பிளக்கும். மறுபடி தண்ணீர். இப்படியே ஐந்து நாள் ஓடிப்போச்சு.

ஆறாம் நாள் அவன் கிடாரைக் கீழே வைத்துவிட்டான்.

"என்னால ஆகாதடி. குட்டியைத் தூக்கிட்டு அக்கரைக்கே போயிருவோம். கடிச்சா கடிக்கட்டும்."

செங்காணி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "பொழுதன்னைக்கும் பாறையில உக்காருறியே, உன் பின்பக்கம் எப்படி இருக்கு?"

"காய்ச்சுப் போய்க் கிடக்கு. அதுக்கென்ன இப்போ?"

"அதை என்னைக்காவது தண்ணியில ஊறப்போட்டியா?"

துடியன் கிடாரை மறுபடி கையில் எடுத்தான்.

அதற்குப் பிறகு அவன் விரலில் ஈரம் படவிடவில்லை. தண்ணீர் குடிப்பதற்குக்கூட ஆற்றில் வாயை வைத்தே குடித்தான். கொஞ்சம் வாசித்தான், நிறுத்தினான், மறுபடி வாசித்தான். எட்டாம் நாள் விரல் நுனியில் காய்ப்பு ஏறியது. கம்பி அறுக்கவில்லை.

ஆனால் ஆசை விடவில்லை. அந்த மனிதன் இரண்டு மூன்று தந்தியைச் சேர்த்து அமுக்கிப் பிடித்த ஏழெட்டுப் பிடியையும் பிடிக்கப் பார்த்தான். விரல் ஒன்றோடொன்று சிக்கியது. எங்கே தப்பினாலும் தலையிலடித்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினான். ரெண்டு பிடி போதும், அது தூங்க வருகிறது, கச்சேரி கேட்க வரவில்லை என்று செங்காணி அதட்டினாள். கிளையில் உள்ளங்கையால் தட்டினாள். நாலு தட்டுக்கு ஒரு பிடி, அடுத்த நாலுக்கு இன்னொன்று. அவன் தட்டை முந்திக்கொண்டு ஓடினால் அவள் இன்னும் மெதுவாகத் தட்டினாள்.

பத்தாம் நாள் மத்தியானம் சிறுத்தை வந்தது. விலா எலும்பு எண்ணலாம்போல் இருந்தது. மரத்தடிப் பாறையில் படுத்துக்கொண்டு, குட்டியைக் கொண்டுவந்து தன் முன்னங்காலுக்கு எதிரே வைக்கச் சொன்னது. செங்காணி குட்டியை மடியில் அணைத்தபடி வந்து உட்கார்ந்தாள். நகம் எட்டும் தூரம். ஒரு கையால் பாறையில் தட்டத் தொடங்கினாள்.

துடியன் வாசித்தான். ஒரு பிடி, இன்னொரு பிடி. சிறுத்தையின் கண் சொருகியது. தலை காலின் மேல் சாய்ந்தது.

அப்போது விரல் வழுக்கியது. தந்தி கிர்ரென்று அலறியது.

சிறுத்தையின் காது நிமிர்ந்தது. ஒரு கண் திறந்து குட்டியின் மேல் நின்றது. துடியனின் கை, நிறுத்து, முதலிலிருந்து தொடங்கு என்று துடித்தது. செங்காணியின் கை மட்டும் நிற்கவில்லை. அதே மெதுவில் தட்டிக்கொண்டே இருந்தது. துடியன் போனதை விட்டுவிட்டு அடுத்த பிடிக்குப் போனான். அதற்கடுத்ததற்கும் போனான்.

அந்தக் கண் நெடுநேரம் மூடவில்லை. பிறகு மூடியது. பெரிய மூச்சாக வந்தது.

நிறுத்தப் பயந்து மர நிழல் ஆற்றைத் தொடும்வரை வாசித்தான். வெயில் தாழ்ந்த பிறகுதான் சிறுத்தை விழித்துச் சோம்பல் முறித்தது.

"நடுவுல ஒரு இடத்துல சொதப்பின."

"ஆமாண்ணே."

"நிறுத்துவேன்னு பார்த்தேன். நிறுத்தியிருந்தா எந்திரிச்சிருப்பேன்."

வேறொன்றும் சொல்லாமல் நொண்டிக்கொண்டே மலைப்பக்கம் ஏறிப்போனது. பிறகு அந்த மரத்தை நாடவே இல்லை. அன்று அது கண்மறைந்த பின்னும் துடியனால் கிடாரை விடக்கூட முடியவில்லை. விறைத்துப்போன அவன் விரல்களைச் செங்காணிதான் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

வலிக்கிறதென்று விலகாமலும், தவறிவிட்டதென்று நிறுத்தாமலும் பழகுகிறவனுக்குத்தான் எந்த வித்தையும் கைவரும்.